பால் போதவில்லை என்ற தீர்ப்பு: திருகோணமலைக் கரையோர வீடொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பிறந்தபோது 2.9 கிலோகிராம் இருந்த ஆண் குழந்தை. மூன்றாம் நாள் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது 2.68. பன்னிரண்டாம் நாள் என் தராசில் 2.65.

தாய்க்கு 23 வயது. தலைப்பிள்ளை. 38 வாரம் நிறைந்து, சிசேரியன் சத்திரசிகிச்சையில் பிறந்தது. தாய் முன்பள்ளி ஆசிரியை, தந்தை கடற்றொழிலாளி. கணவன் வீடு மூதூர்ப் பக்கம். பிள்ளைப்பேற்றுக்காக அவர் தாய்வீட்டுக்கு வந்திருந்தார். அது திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிய கரையோரக் கிராமம். கர்ப்பகாலப் பதிவு அங்கே, பிள்ளையும் தாயும் இங்கே. நம் பெண்கள் முதற்பிள்ளைக்குத் தாய்வீடு போவது காலங்காலமான வழக்கம். ஆனால் குடும்பநல உத்தியோகத்தரின் (ஊர் மருத்துவமாதுவின்) பதிவேடு அவர்களோடு பயணம் செய்வதில்லை. ஐந்தாம் நாள் பதில் கடமையில் வந்த ஒருவர் வாசலில் நின்று நலம் விசாரித்து, குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் ‘தாய்ப்பால் மட்டும்’ என்ற கட்டத்தில் அடையாளம் இட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்று எடை பார்க்கப்படவில்லை.

இந்தப் பகுதியில் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாகப் பணியாற்றுபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தின் இணக்கத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். தாய்ப்பால் பற்றிய தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டு, எதிரே சரியான விடையை எழுதிய சுவரொட்டி எங்கள் கிளினிக் சுவரிலும் இருக்கிறது. அந்தச் சுவரொட்டியை இந்தத் தாயும் வாசித்திருக்கிறார், அவருடைய அம்மாவும் வாசித்திருக்கிறார். இருந்தும் குழந்தையின் எடை ஏறவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி.

பன்னிரண்டாம் நாள்

நான் போனபோது குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. “நல்ல பிள்ளை மிஸ்ஸி, அழுவதே இல்லை. நாலு ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து உறங்குகிறான்” என்றார் அம்மம்மா, பெருமையோடு. எனக்கு அந்தச் சொல்லே வயிற்றைக் கலக்கியது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத, எடை ஏறாத குழந்தை பாலுக்கு எழும்பாமல் உறங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் களைப்பு. பசி முற்றிய குழந்தை அழுவதையும் விட்டுவிடும்.

துணியை விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் காமாலையின் நிறம் தொடை வரை இறங்கியிருந்தது. முந்தைய நாளிலிருந்து எத்தனை துணி நனைந்தது என்று கேட்டபோது மூன்றோ நான்கோ என்றார்கள். ஒரு துணியில் செங்கல் பொடி தேய்த்தது போன்ற செம்மஞ்சள் கறை. முதல் இரண்டு மூன்று நாட்களில் அந்தக் கறை வந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நாளில் அது குழந்தைக்குப் பால் போகவில்லை என்பதைக் காட்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். கறுப்பாகத் தொடங்கிய மலம் அந்த நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். தராசு இல்லாத வீட்டிலும் எவரும் பார்க்கக்கூடிய கணக்கு இது.

“இடையில் வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்கள். நான் அந்தக் கேள்வியை மாற்றினேன். “இரவில் அவன் அழுதால் உங்களுக்குப் பயமாகத்தானே இருக்கும்? அப்போது என்ன செய்வீர்கள்?” சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இளந்தாய் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே கவிழ்த்த சட்டிக்குள் சூப்பிப் போத்தலும் பால்மாப் பேணியும் இருந்தன.

2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். உலகில் மிகச் சில நாடுகளுக்கே வாய்த்த எண் அது. ஊர் ஊராக நடந்த மருத்துவமாதுக்கள் ஈட்டித் தந்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று ஊரே சொல்லும் இடத்தில், தன்னால் முடியவில்லை என்று நினைக்கும் தாய் வாயைத் திறப்பதில்லை. போத்தலைச் சட்டிக்குள் கவிழ்த்து வைக்கிறார். நாம் ஏசுவோம் என்று அவருக்குத் தெரியும். ஏச்சுக்குப் பயந்து மறைத்த போத்தல்தான் இந்தக் குழந்தையின் எடையைப் பன்னிரண்டு நாட்கள் எங்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

நடந்ததை அவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பிள்ளையை மார்பில் வைத்தது சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மணித்தியாலம் கழித்து. அதற்குள் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் கற்கண்டுத் தண்ணீர் இரண்டு கரண்டி கொடுத்துவிட்டார். கடும்புப்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக வந்தது. அது ‘பழைய பால்’ என்று பீய்ச்சி ஊற்றினார்கள். இரண்டாம் நாள் மார்பு மென்மையாகவே இருந்தது, பிள்ளை அழுதது, யாரோ பேணி வாங்கி வந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரவில் இரண்டு போத்தல், ஒரு வாரத்துக்குள் ஐந்து. பேணியின் விலை தாங்காததால், 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி மா என்று பேணியில் எழுதியிருந்தும் 90 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டிதான் போட்டிருக்கிறார்கள். குழந்தை குடித்தது பால் கலந்த தண்ணீர். வயிறு நிறைந்தது, உறக்கம் வந்தது, மார்பைத் தேடவில்லை.

ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தது

வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். முச்சக்கர வண்டி வருவதற்குள் “எனக்கு முன்னால் ஒரு தடவை பால் கொடுங்கள் தங்கச்சி” என்றேன். அவர் நாணத்தோடு கதிரையில் அமர்ந்தார்.

காயத்தில் கால் பட்டுவிடும் என்ற பயத்தில் பிள்ளையைத் தன்னிடமிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தார். பிள்ளை மல்லாந்து கிடந்தது, கழுத்தை மட்டும் திருப்பி முலைக்காம்பின் நுனியை உறிஞ்சியது. கன்னத்தில் குழி விழுந்தது. விழுங்கும் ஓசை இல்லை. ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிவிட்டது. வாயிலிருந்து வெளியே வந்த முலைக்காம்பு ஒரு பக்கம் சப்பையாகி நுனி வெளிறி இருந்தது. அவர் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். “முதலில் வலிக்கத்தானே வேண்டும்” என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

தலையணை ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, பிள்ளையின் உடலைக் கைக்கு அடியில், கால்கள் முதுகுப்புறம் போகுமாறு இடுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இந்த நிலையில் காயத்தை எதுவும் தொடாது. பிள்ளையின் மூக்கு முலைக்காம்புக்கு நேரே வர, மேலுதட்டை அதனால் வருடினோம். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்தோம். அதற்குத்தான் நேரம் பிடித்தது. திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவந்தோம். மார்பைப் பிள்ளையிடம் திணிக்கவில்லை. நாடி மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, கருவளையத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போனது. கன்னம் உருண்டது. சில உறிஞ்சல்களுக்குப் பிறகு விழுங்கும் ஓசை கேட்டது. அம்மம்மா எழுந்து கிட்ட வந்து காது கொடுத்தார். “பால் இருக்கிறதே!” என்றார்.

மார்பு, பால், பிள்ளையின் வாய் மூன்றும் நன்றாகவே இருந்தன. பிறந்த நாள் முதல் தாதியர், உறவினர், பதில் உத்தியோகத்தர் என எத்தனையோ பேர் அந்தத் தாயிடம் பால் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட அவர் பக்கத்தில் இருந்து ஒரு முழுத் தடவை பால் கொடுப்பதைப் பார்க்கவில்லை. ‘பால் காணாது’ என்று ஒரு தரப்பு, ‘எல்லாத் தாய்க்கும் பால் வரும், கவலைப்படாதே’ என்று மறுதரப்பு. இரண்டும் காதால் கேட்டுச் சொன்ன தீர்ப்புகள்.

அன்றே குழந்தை வைத்தியசாலைக்குப் போனது. பால் போதாமல் காய்ந்த குழந்தையின் குருதியில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இந்தப் பிள்ளைக்குச் சோடியமும் சர்க்கரையும் வழமையான எல்லைக்குள் இருந்தன. மஞ்சளை உண்டாக்கும் பிலிரூபின், ஒளிச்சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கீழே. அடுத்த நாள் மாலை வீடு திரும்பினார்கள். வைத்தியரின் திட்டத்தை வீட்டில் தொடர்ந்தோம்: 24 மணித்தியாலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை மார்பு, உறங்கினாலும் எழுப்பிக் கொடுத்தல், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் கையால் பீய்ச்சி எடுத்த பாலைச் சிறிய கோப்பையால் புகட்டுதல், சில நாட்களுக்கு மட்டும், சரியான அளவில் கரைத்த பால்மா, அதுவும் கோப்பையில். சூப்பியை முழுதாக நிறுத்தினோம். தந்தை கடலுக்குப் போகாத நேரங்களில் பிள்ளையைத் தன் வெற்று மார்பில் சாய்த்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் தாய் உறங்கினார்.

15ஆம் நாள் 2.74. 19ஆம் நாள் 2.9, பிறந்த எடை திரும்பியது. வழமையாக இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டியது. இங்கே சில நாட்கள் பிந்தியது. பால்மா அந்த வாரமே நின்றது. 26ஆம் நாள் 3.2. 42ஆம் நாள் 3.9.

அம்மம்மாவின் கதை

இந்த நிகழ்வில் நான் மிகவும் யோசித்தது அம்மம்மா சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி: “இவளுக்கு என்னைப் போலத்தான் மிஸ்ஸி. எங்கள் பரம்பரைக்கே பால் இல்லை.”

ஆறுதலாக இருந்து கேட்டேன். இவருடைய இரண்டாவது பிள்ளை, அதாவது இளந்தாயின் தம்பி, 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது கைக்குழந்தை. வீடு போனது. பாடசாலை ஒன்றில் தங்கினார்கள். அதுவரை அவர் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். முகாமில் நிவாரணத்தோடு பால்மாப் பேணிகள் வந்தன. பயந்த தாய்க்குப் பால் வற்றும், நஞ்சாகும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். பேணி கையில் இருந்தது, பிள்ளைக்குக் கொடுத்தார். “பிறகு எனக்குப் பால் நின்றுபோயிற்று.”

அவர் சொன்ன வரிசையிலேயே விடை இருந்தது. பேணி முதலில் வந்தது, பால் பிறகு நின்றது. அதிர்ச்சியும் பயமும் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கும். அதைத் தூண்டும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் மனக்கலக்கத்தில் தயங்கும். ஆனால் சுரப்பு நிற்பதில்லை. பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டே இருந்தால் திரும்ப இறங்கும். ஆழிப்பேரலைக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பால்மாவைப் பொதுவாக விநியோகிக்க வேண்டாம் என்று எச்சரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். முகாமில் சுத்தமான தண்ணீரும் இல்லை, போத்தலைக் கொதிக்கவைக்க அடுப்பும் இல்லை. அந்த எச்சரிக்கை இந்தத் தாயின் காதுக்கு எட்டவில்லை. எட்டியது பேணி.

அந்த நாட்களில் அவர் செய்ததைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த தாய், தந்ததைக் கொடுத்துப் பிள்ளையைக் காத்தார். ஆனால் தன் உடம்பில் குறை என்று அவர் அன்று எடுத்துக்கொண்ட முடிவு, மகளின் பிள்ளைப்பேற்றில் குடும்பச் சட்டமாக வந்து நின்றது. பால் சுரப்பது எப்படி என்று அவருக்கு விளக்கினேன். பிள்ளை உறிஞ்சி வெளியேற்றும் அளவுக்கு மார்பு மறுபடி செய்கிறது. பால் தேங்கி நின்றால் உற்பத்தியைக் குறைக்கும்படி சுரப்பிக்கு அதுவே செய்தி அனுப்புகிறது. ஒரு போத்தல் கொடுத்தால் ஒரு தடவைக்கான செய்தி குறையும். மார்பின் பருமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பருமன் பெரும்பாலும் கொழுப்பைப் பொறுத்தது. கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்படியென்றால் எனக்கும் பால் இருந்திருக்கிறது” என்றார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வலக்கை அவர்தான்.

வீட்டில் உலவிய மற்ற நம்பிக்கைகள்

எல்லாவற்றுக்கும் சம அளவு இடம் தர வேண்டியதில்லை. ஆபத்தானதை முதலில் சொல்கிறேன்.

தண்ணீர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். “பெரியவர்களுக்கே தண்ணீர் விடாய்க்கிறதே, பிள்ளைக்கு விடாய்க்காதா?” என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். விடாய்க்கும், அதற்குரிய தண்ணீர் பாலில் இருக்கிறது. தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். வெயில் கூடினால் பிள்ளை அடிக்கடி, சிறிது சிறிதாகக் குடிக்கும். கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குள் தனித் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலை விலக்கும், கிருமியைக் கொண்டுவரும், கூடினால் குருதியின் சோடியத்தைத் தாழ்த்தி வலிப்பு வரை கொண்டுபோகும்.

தேன், வசம்பு. நாவில் தேன் தொட்டு வைப்பது மங்கலம் என்று கருதும் குடும்பங்கள் உண்டு. தேனில் இருக்கக்கூடிய குளொஸ்ட்ரீடியம் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. வசம்பை உரைத்து வாயுவுக்குத் தடவும் வழக்கம் இந்த வீட்டிலும் இருந்தது. அதில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. விளக்கினேன், நிறுத்தினார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த பிள்ளைக்குப் பேரீச்சம்பழம் தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே பேசும்போது, பிள்ளைக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் பால் கொடுப்பது பற்றிக் குர்ஆன் சொல்வதை மூத்த பெண்களே எனக்கு எடுத்துச் சொல்வார்கள். அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்ல வழி.

மஞ்சள். பிள்ளையைத் துணியில்லாமல் காலை வெயிலில் கிடத்தியிருந்தார்கள். வைத்தியசாலை ஒளிச்சிகிச்சை குறிப்பிட்ட நீல ஒளியால், அளவறிந்து, பிள்ளையின் உடல் நீரைக் கவனித்துச் செய்யப்படுவது. முற்றத்து வெயில் அதற்கு ஈடாகாது. ஏற்கெனவே காய்ந்த பிள்ளையை இன்னும் காயவைக்கும். பால் குறைந்ததால் கூடிய மஞ்சள், பால் கூடினால் மலத்தோடு வெளியேறும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், இரண்டு வாரம் தாண்டி நீடித்தாலும், மலம் வெளிறிச் சிறுநீர் கடும் மஞ்சளானாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது பித்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அதில் நாட்கள் பெறுமதியானவை.

கடும்புப்பால். முதல் நாள் ஒரு தடவைக்குச் சில மில்லிலீற்றர்தான் வரும். பிள்ளையின் வயிற்றுக்கும் அன்று அவ்வளவுதான் தேவை. நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்த அந்த மஞ்சள் பால் கறுப்பு மலத்தை இளக்கி வெளியேற்றும். நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு உடலில் புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் வீழ்வதால்தான் பால் பெருகத் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தலைப்பிள்ளைக்கும் சிசேரியனுக்கும் சற்றுப் பிந்தலாம். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பேணிகள் வீட்டுக்குள் வருகின்றன.

தாயின் சாப்பாடு. இங்கே நான் பாட்டிமாரின் பக்கம். உள்ளி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்த பத்தியக் கறியும் முருங்கையிலையும் சுறா வறையும் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல உணவு. சுறா பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் புரதம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, சூடை, சாளை, கீரி போன்ற சிறுமீன்களைத் தாராளமாகச் சமைக்கச் சொன்னேன். கடற்கரை வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. முப்பத்தொரு நாள் தாயை வேலை செய்ய விடாமல் வைத்திருக்கும் துடக்குக் காலமும், தீட்டு என்ற எண்ணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், தாயும் பிள்ளையும் ஒட்டியிருக்கக் கிடைத்த பெரிய வாய்ப்பு. தவறு இருந்தது வேறிடத்தில்: காயம் சீழ்பிடிக்கும் என்று தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். விடாய்க்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும். அதற்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது.

வெயிலில் போய்வந்தால் ‘சூட்டுப் பால்’, தலை முழுகினால் பிள்ளைக்குச் சளி, தாய்க்குக் காய்ச்சல் வந்தால் நிறுத்த வேண்டும் என்பன எல்லாம் பிழை. தாயின் உடல் வெப்பநிலை முற்றத்து வெயிலால் மாறுவதில்லை. சாதாரணக் காய்ச்சலின்போது தாயின் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளும் பாலோடு பிள்ளைக்குப் போகிறது. மார்பு கட்டிச் சிவந்து வலித்தால்கூட நிறுத்தாமல் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே சிகிச்சை எடுக்க வேண்டும்.

இரண்டாவது பயம்

ஐந்தாவது வாரத்தில் ஓரிரவு தந்தை தொலைபேசியில் அழைத்தார். மாலை ஆறு மணியிலிருந்து பிள்ளை விடாமல் குடிப்பதும் அழுவதுமாக இருக்கிறது, மார்பு தொய்ந்துவிட்டது, பீய்ச்சிப் பார்த்தால் சிறிதளவுதான் வருகிறது, பால் வற்றிவிட்டது என்றார். பேணி வாங்கப் போகட்டுமா என்று கேட்டார்.

துணி எத்தனை நனைந்தது என்று கேட்டேன். எட்டு. பகலில் உற்சாகமாக இருந்ததா? இருந்தது. அப்படியானால் கடைக்குப் போக வேண்டாம் என்றேன். இந்த வயதில் மாலை நேரத்தில் குழந்தைகள் அடிக்கடி அடிக்கடி குடிப்பதும், காரணம் தெரியாமல் அழுவதும் இயல்பு. அழுகை ஆறாவது வாரமளவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும். முதல் வாரங்களில் கனத்து விம்மும் மார்பு, சுரப்பு பிள்ளையின் தேவைக்கு ஒழுங்காகிய பிறகு மென்மையாகிவிடும். கைக்கோ பம்புக்கோ வரும் அளவு பிள்ளையின் வாய்க்கு வரும் அளவைக் காட்டாது. அழுகையை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தால் பிழையாகும். எடை, துணி, விழுங்கும் ஓசை மூன்றையும் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் எடை ஏறியிருந்தது.

உண்மையாகவே பால் குறைந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையற்றதாகிவிடும். பால் சுரப்பி போதிய அளவு வளராத பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றில் பெருமளவு குருதி இழந்து பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டவர்கள், நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கியவர்கள், மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், தைரொயிட் நோய் கவனிக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் ‘முயற்சி செய், வரும்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது கொடுமை, பிள்ளைக்கு ஆபத்து. பால்மா தேவையான பிள்ளைக்குப் பால்மா உயிர் காக்கும் உணவு. அதைச் சரியாகக் கரைக்கக் கற்றுக்கொடுப்பதும் எங்கள் கடமை. பால்மா கிருமியற்ற பொருள் அல்ல என்பதால் கொதித்த தண்ணீரை 70 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறவிடாமல் மாவைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சுண்டக் காய்ச்சிய பசும்பாலோ வீட்டுத் தேத்தண்ணீர்ப் பால்மாவோ ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது.

2022 நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். பேணியை நம்பியிருந்த பிள்ளைகளின் வீடுகளில் அப்போது கரண்டி குறைந்தது. வறுமை எப்போதும் முதலில் கரைசலைத்தான் நீர்க்கச் செய்கிறது. ஆகவே தேவையில்லாத வீட்டுக்குள் பேணி நுழைவதைத் தடுப்பது எனக்குக் கொள்கைப் பிடிவாதம் அல்ல. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவை 1981இல் வந்தது. இலங்கை இரண்டே ஆண்டுகளில் தன் நெறிக்கோவையை ஏற்படுத்தியது. அதைக் காப்பாற்ற வேண்டியது எங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்காக.

ஆறு மாதத்துக்குப் பிறகு

ஐந்தாம் மாதத்தில் தாய் காலை வேளை முன்பள்ளிக்குத் திரும்பினார். பீய்ச்சி வைக்கும் பால் அறையில் நான்கு மணித்தியாலம் தாங்கும் என்பது 25 பாகை வரையான அறைக்கு உரிய கணக்கு. எங்கள் ஊர் அறைகள் அதைத் தாண்டும். மீன்பிடிக்கு ஐஸ் வாங்கும் வீடு அது. பாலுக்கென்று தனியாகச் சிறிய ஐஸ் பெட்டி ஒன்றை ஒதுக்கினார்கள். அம்மம்மா கோப்பையால் புகட்டினார்.

கோயிலில் சோறு தீத்திய அன்று பிள்ளையின் எடை 7.2. பிறகு வீட்டில் கொடுக்கத் தொடங்கியது கஞ்சித் தண்ணீர். தெளிந்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து இருக்காது; ஆறு மாதத்தில் பிறப்பின்போது சேர்ந்திருந்த இரும்புச்சத்து குறையத் தொடங்குகிறது, அப்போது தேவை கெட்டியான உணவு. கரண்டியைச் சரித்தால் வழியாத பதத்தில் சோறும் பருப்பும் கீரையும் மசித்து, முதல் வாரங்களிலேயே முட்டையும் முள் நீக்கிய மீனும் சேர்க்கச் சொன்னேன். மீன் மாந்தம் செய்யும், ஒரு வயது தாண்டட்டும் என்று அப்பம்மா மூதூரிலிருந்து சொல்லியனுப்பினார். பிந்திக் கொடுப்பதால் ஒவ்வாமை குறைவதில்லை. உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்குக் கூடுதல் நாட்கள் பிடித்தன. பெரியவர்களின் நாக்குக்கு ருசியில்லாததைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. தாய்ப்பால் தொடர்கிறது, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

எங்கள் பிரிவில் இந்த நிகழ்வுக்குப் பிறகு இரண்டு காரியங்கள் மாறியிருக்கின்றன. தாய்வீட்டுக்கு வந்த பெண் எந்தப் பிரிவில் பதிந்திருந்தாலும், வைத்தியசாலையிலிருந்து வரும் நாளிலேயே இரண்டு பிரிவு உத்தியோகத்தர்களும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். ஐந்தாம் நாள் தரிசிப்பில் பிள்ளையின் எடை பார்க்கப்படுகிறது, ஒரு முழுத் தடவை பால் கொடுப்பதை உத்தியோகத்தர் உட்கார்ந்து பார்க்கிறார். இரண்டும் நடக்காத வீட்டில் ‘தாய்ப்பால் மட்டும்’ என்ற கட்டத்தில் நாங்கள் அடையாளம் இடுவதில்லை.